பால்வினை நோயும் அரசும் – 12: காப்பகப் பூட்டும் நம்பிக்கை மையமும்

பால்வினை நோய்களைக் கட்டுப்படுத்துவதற்கென்று 1986-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று மருத்துவமனையிலும் மற்றொன்று காவல் நிலையத்திலும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் தத்தம் வழியில் இயங்கிவந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் முதலாவது கருவி அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியது; இரண்டாவது பின்னுக்குத் தள்ளப்பட்டதே தவிர, கைவிடப்படவில்லை. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதில் அறவுணர்ச்சிக்கு எவ்வளவு பங்கு, அலுவலக நடைமுறைக்கு எவ்வளவு பங்கு என்பதே இப்பகுதியின் பொருள்.

மருத்துவத் தரப்பின் மரபு சென்னையில் வலுவானது. சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் 1905-இல் பிறப்புறுப்புப் புண் வகை ஒன்றுக்குக் காரணமான நுண்ணுயிரிகளைக் கண்டறிந்ததால் அந்நோய் இன்றும் டோனவனோசிஸ் என்றே வழங்குகிறது. அதே நகரின் பால்வினை நோய் மருத்துவர்களான ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா ஆகியோர் அந்நோயைப் பற்றி எழுதிய தனிநூலை 1954-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. பெனிசிலின் வந்த பிறகு, ஊர் வழக்கில் மேகநோய், கிரந்தி என்று அஞ்சப்பட்ட சிபிலிசைச் சில ஊசிகளில் குணப்படுத்த முடிந்தது. ஆனால் பெரிய அரசு மருத்துவமனைகளில் தனிக்கதவும் தனிப்பலகையும் கொண்டு இயங்கிய பால்வினை நோய்ப் பிரிவுகளின் வாசலில் நிற்பதே ஒருவரின் நோயை ஊருக்கு அறிவித்துவிடும் என்பதால், வெட்டையும் புண்ணும் கண்டவர்களில் பலர் மருந்துக்கடைக்கோ, விடுதி அறைகளில் மாதமொருமுறை முகாமிடும் சிறப்பு வைத்தியர்களிடமோ சென்றனர். பால்வினை நோய்க்குச் சிகிச்சை தருவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்திருந்தது. பேருந்து நிலையச் சுவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

காவல் துறைத் தரப்பின் மரபு இன்னும் பழையது. 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பதிவேட்டில் ஏற்றி, கட்டாயமாகப் பரிசோதித்து, நோய் கண்டவர்களை லாக் ஆஸ்பத்திரி எனப்பட்ட அடைப்பு மருத்துவமனைகளில் வைத்ததையும், படைவீரர்களிடையே நோய் குறையாமல் கூடிக்கொண்டே போன நிலையில் அது 1888-இல் நீக்கப்பட்டதையும் முந்தைய பகுதிகள் விவரித்தன. அச்சட்டம் மறைந்தாலும் அதன் அடிப்படை எண்ணம் மறையவில்லை. பெண்கள் வணிகத்தைத் தடுப்பதற்காக 1956-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கைதுசெய்யப்பட்ட பெண்களைக் காப்பகங்களில் வைக்க வழிசெய்தது. 1986-இல் அது திருத்தப்பட்டு, ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என்னும் புதுப்பெயர் பெற்றபோது, அதன் 15-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட ஓர் உட்பிரிவு, நீதிபதி முன் நிறுத்தப்படும் இத்தகையோரை வயதறியவும், பாலியல் வன்முறையால் ஏற்பட்ட காயங்களைக் காணவும், பால்வினை நோய் உள்ளதா என்று கண்டறியவும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றது. வாடிக்கையாளராக வந்த ஆணைப் பரிசோதிக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

அந்த 1986-ஆம் ஆண்டில்தான் எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அக்கிருமியைத் தேடும் ஆய்வை ஒப்படைத்தார். நிர்மலா பொது மருத்துவமனைக்கு வந்த பெண்களிடமும், விஜிலன்ஸ் ஹோம் என்று நகரம் அறிந்த மயிலாப்பூர்க் காப்பகத்தில் இருந்த பெண்களிடமும் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்குச் சென்றன. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் காட்டும் எலிசா சோதனையில் ஆறு மாதிரிகள் நேர்மறையாக வந்தன. அமெரிக்க ஆய்வகமும் அதை உறுதிசெய்தது. சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதை அறிவித்தபோது, நோய் வெளிநாட்டினருக்கே உரியது என்று அதுவரை நிலவிய நிம்மதி கலைந்தது.

இந்தக் கண்டுபிடிப்பின் பெருமை குறைத்துச் சொல்லத்தக்கதன்று. ஆயினும் அது நிகழ்ந்த விதம் அடுத்துவந்த கொள்கையை ஒருபக்கமாகச் சாய்த்தது என்பதையும் வரலாறு குறிக்க வேண்டும். காப்பகத்துப் பெண்களின் இரத்தம் சோதனைக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவர்கள் எங்கும் போக முடியாத இடத்தில் இருந்ததே. எளிதில் எட்டக்கூடியவர்களைச் சோதித்ததால் நோய் அவர்களிடம் தென்பட்டது. நோய் அவர்களிடம் தென்பட்டதால் மேலும் அவர்களே சோதிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நோயைத் தந்தவர்களும், அவர்களிடமிருந்து நோயைப் பெற்று வீடு திரும்பியவர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்த நான்கு ஆண்டுகள் நாடெங்கும் அடைத்துவைக்கும் கொள்கையின் காலமாக இருந்தன. கோவாவில் பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, கிருமி கண்டவரைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு அளிக்கப்பட்டது. அதன்படி 1989-இல் ஓர் இளைஞர் இரண்டு மாதங்களுக்கும் மேல் அடைத்துவைக்கப்பட்டார். அதே ஆண்டில் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு மசோதா, கட்டாயச் சோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் இடமளித்ததால் கடும் எதிர்ப்பைச் சந்தித்துக் கைவிடப்பட்டது. 1990-இல் பம்பாயின் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டு, அவர்களின் ஒப்புதலைக் கேட்காமலே இரத்தப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். சென்னைக் காப்பகத்தில் கிருமி இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள், சட்டப்படி வெளியேற வேண்டிய காலம் கடந்த பின்னும் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் அவர்களின் சார்பில் தொடுத்த பொதுநல வழக்கில், 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க ஆணையிட்டது.

உரிமை மீறல் என்பது ஒருபுறமிருக்க, தொற்றியல் கணக்கின்படியும் இந்த அடைப்பு பயனற்றது. எச்.ஐ.வி. உடலில் புகுந்த பின் சில வாரங்கள் வரை அன்றைய சோதனைக் கருவிகளுக்குத் தென்படாது. சாளரக் காலம் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த இடைவெளியில்தான் அது பிறருக்கு மிக எளிதில் தொற்றுகிறது. அதன் பிறகு எட்டுப் பத்து ஆண்டுகள் வெளிக்குறி எதுவும் இல்லாமல் உடல் நலமாகவே தோன்றும். ஆகவே காப்பகத்தில் அடைக்கப்பட்டவர் ஒருவருக்கு எதிரே, தமக்கு நோய் இருப்பதை அறியாத பலர் வெளியே இருந்தனர். அடைப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட எவரும் தாமாக வந்து சோதனைக்குக் கை நீட்டப்போவதில்லை. 1868-ஆம் ஆண்டுச் சட்டம் சறுக்கிய அதே இடத்தில் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு புதிய நோயின் பெயரால் மீண்டும் கால் வைக்கப்பட்டது.

1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. பழைய பால்வினை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் அதனுடன் இணைக்கப்பட்டது. உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் அளித்தது. பணம் இருந்தும் அது நகரவில்லை என்பதே முதல் ஆண்டுகளின் கதை. மாநிலச் சுகாதாரத் துறைக்குள் ஒரு பிரிவாக அமைக்கப்பட்ட எய்ட்ஸ் பிரிவுகள், துண்டறிக்கை அச்சிடவும் ஒப்பந்தப் பணியாளரை நியமிக்கவும் தொண்டு நிறுவனத்துக்கு நிதி வழங்கவும் நிதித்துறைக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருந்தன. பாலியல் தொழிலாளர்களோடு பணிபுரியும் நிறுவனத்துக்கு அரசுப் பணம் தருவதென்றால், கையெழுத்திடும் ஒவ்வொரு அதிகாரியின் தயக்கமும் கோப்பின் எடையைக் கூட்டியது.

தமிழ்நாடு இதற்குக் கண்ட வழி 1994-இல் பதிவுசெய்யப்பட்ட மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். விளையாட்டு மன்றமும் குடியிருப்போர் சங்கமும் பதிவுசெய்யப்படும் அதே சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் அரசே ஒரு சங்கத்தை அமைத்தது; அதற்குத் தனி வங்கிக் கணக்கும், தனி நிர்வாகக் குழுவும், இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஒருவரைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சிறிய அலுவலகமும் இருந்தன. மத்திய அரசின் நிதி கருவூலத்தில் சிக்காமல் நேரே அந்தக் கணக்குக்கு வந்தது. விளம்பர நிறுவனத்தை அமர்த்துவது முதல் ஆலோசகர்களை நியமிப்பது வரை முடிவுகள் ஒரே கூரையின்கீழ் எடுக்கப்பட்டன. நாட்டில் முதன்முதலாக அமைந்த இந்த ஏற்பாடு 1999-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் எல்லா மாநிலங்களுக்கும் விதியாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் நோய் கட்டுப்பட்டதைப் பேசும் மேடைகள் மருத்துவர்களையும் தொண்டர்களையும் போற்றுவது முறையே. ஆனால் கோப்புக்கும் களத்துக்கும் இடையிலிருந்த தொலைவைக் குறைத்த இந்த உப்புச்சப்பற்ற நிர்வாக மாற்றம் இல்லாமல் அவர்களின் உழைப்பு பத்துப் பன்னிரண்டு ஊர்களைத் தாண்டியிருக்காது என்று கருத இடமுண்டு.

இதற்கு இணையாக 1995-இல் மற்றொரு வாய்க்கால் வெட்டப்பட்டது. மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய சென்னைத் தன்னார்வ சுகாதாரச் சேவை மருத்துவமனை, அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனத்தின் நிதியைப் பெற்று, ஏபேக் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்ட எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தைத் தமிழ்நாடெங்கும் நடத்தியது. இது முதலில் கவனித்தது நெடுஞ்சாலையை. நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட லாரித் தொழில், வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது; அந்த மாவட்டம் நோய்ப் பரவல் மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாகப் பின்னர் வெளிப்பட்டது. லாரி நிறுத்தங்களிலும் தாபாக்களிலும் ஆணுறை விற்பனையும் சிகிச்சை முகாமும் தொடங்கின. ஆண்டுதோறும் நடத்தைக் கண்காணிப்பு ஆய்வு நடத்தப்பட்டது: யாருக்கு நோய் உள்ளது என்று தேடாமல், கடைசி உறவில் ஆணுறை பயன்பட்டதா, எங்கே வாங்கப்பட்டது, நோய்க்குறி கண்டால் எங்கே சென்றார்கள் என்று பெயர் கேட்காமல் விசாரித்த கணக்கெடுப்பு அது. மனிதரை எண்ணுவதிலிருந்து நடத்தையை எண்ணுவதற்கு வந்த இந்தத் திருப்பமே இருபது ஆண்டுக் கதையின் நடுப்புள்ளி.

ஆணுறை இந்தியாவுக்குப் புதிதன்று. 1968-இல் நிரோத் என்னும் பெயரில் மூன்று பதினைந்து காசுக்கு விற்கத் தொடங்கிய அரசுத் திட்டம் அதைப் பெட்டிக்கடை வரை கொண்டுசென்றிருந்தது. ஆனால் சிவப்பு முக்கோணத்தின் கீழ் அது திருமணமான தம்பதியரின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனமாகவே அறிமுகமானதால், திருமணத்துக்கு வெளியே நிகழ்வதைப் பற்றிச் சுகாதாரப் பணியாளர் வாய் திறக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அந்தப் பேச்சைத் தொடங்குவதே புதிய திட்டங்களின் கடினமான வேலை. தாய்லாந்து 1989-இல் ராட்சபுரி மாநிலத்தில் தொடங்கி 1991-இல் நாடு முழுவதும் விரித்த நூறு விழுக்காடு ஆணுறைத் திட்டத்தில், பாலியல் விடுதி உரிமையாளர்களை அரசே பொறுப்பாக்கியது. ஆணுறையின்றி வாடிக்கையாளரை ஏற்கும் விடுதி மூடப்படலாம். அந்த வழி தமிழ்நாட்டுக்குப் பொருந்தவில்லை. இங்கே தொழில் பெரும்பாலும் விடுதிகளில் நிலைகொள்ளாமல் பேருந்து நிலையத்திலும் லாட்ஜிலும் வீட்டிலுமாகச் சிதறியிருந்ததால், பொறுப்பாக்குவதற்கு உரிமையாளரே இல்லை. எனவே 1992-இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் தொடங்கிய முறையின் சாயலில், தொழிலில் இருந்த பெண்களே சக பெண்களுக்கு ஆணுறை வழங்கி, கிளினிக்குக்கு அழைத்துச்செல்லும் சகக் கல்வியாளர்களானார்கள். ஒரு துறை கொடுத்த ஆணுறையை மற்றொரு துறை கைப்பையிலிருந்து எடுத்துக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டிய முரண்பாட்டோடுதான் இந்தப் பணி நடந்தது.

பால்வினை நோய்ச் சிகிச்சை திட்டத்தின் மையத்துக்கு வந்ததற்குப் பின்னால் ஆப்பிரிக்க ஆய்வொன்று உண்டு. தான்சானியாவின் முவான்சா பகுதியில் ஊரகச் சுகாதார நிலையங்களில் பால்வினை நோய்ச் சிகிச்சையைச் சீர்படுத்தியபோது புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்ததாக 1995-இல் முடிவு வெளியானது. புண்ணும் அழற்சியும் உள்ள இடத்தில் கிருமி எளிதில் புகும் என்பதால் அம்முடிவு நம்பத்தக்கதாக இருந்தது. உகாண்டாவின் ராக்காயில் மக்கள் அனைவருக்கும் மொத்தமாக மருந்து கொடுத்த ஆய்வு 1999-இல் அத்தகைய பயனைக் காட்டவில்லை என்பது, சிகிச்சையின் பலன் பரவலின் கட்டத்தைப் பொறுத்தது என்னும் விவாதத்தைக் கிளப்பியது. ஆனால் இந்தியக் கொள்கை முவான்சாவையே பற்றிக்கொண்டது. ஆய்வக வசதியில்லாத ஊர்களுக்கென நோய்க்குறித் தொகுப்பு முறை கொண்டுவரப்பட்டது. அதாவது, கிருமியை அடையாளம் காணும்வரை காத்திராமல், புண், நீர்க்கசிவு, அடிவயிற்று வலி முதலிய குறிகளை வைத்து, அவற்றுக்குக் காரணமாகக்கூடிய எல்லாக் கிருமிகளுக்கும் ஒரே வருகையில் மருந்து கொடுத்துவிடும் முறை அது. பின்னாளில் இந்த மருந்துகள் சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நிறம் பிரித்த ஏழு பொதிகளாக வந்தன. முறையின் குறை பெண்களிடம் தெரிந்தது: கருப்பை வாய்த் தொற்றுகள் பெரும்பாலும் குறியே காட்டுவதில்லை, வெள்ளைப்படுதல் என்று வருபவர்களில் பலருக்குப் பால்வினை நோயே இருப்பதில்லை.

பொதுமக்களை நோக்கிய பிரசாரத்தில் ஒரு விளம்பரம் மட்டும் மற்ற அனைத்தையும் மறக்கடித்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுவர்களிலும் பலகைகளிலும் தொலைக்காட்சியிலும் எழுப்பப்பட்ட ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் கேள்வி, விடை சொல்லாமல் பல நாள் தொங்கவிடப்பட்டதால் தேநீர்க்கடை முதல் சட்டமன்றம் வரை பேசுபொருளானது. நோய் பெற்றவர்களைக் கேலிக்குரியவர்களாக்குகிறது என்றும், பொறுப்பற்ற ஆணை வேடிக்கைப் பாத்திரமாக்குகிறது என்றும் எழுந்த கண்டனங்களில் நியாயம் உண்டு. எனினும் கேள்வி ஓர் ஆணைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது; காப்பகத்துப் பெண்களின் இரத்தத்தில் தொடங்கிய கதையில் வாடிக்கையாளர் முதன்முறையாகப் பெயர் பெற்றார், அது கற்பனைப் பெயராக இருந்தாலும்.

சோதனையும் இதற்குள் வேறு உருவம் எடுத்திருந்தது. ஆலோசனை தந்து, ஒப்புதல் பெற்று, முடிவைச் சோதனைக்கு வந்தவரிடம் மட்டும் சொல்லும் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் திறக்கப்பட்டு, நம்பிக்கை மையம் என்னும் பெயரால் பரவின. ஆனால் நோய் இருப்பதாகச் சொன்ன பிறகு கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவரை அந்தப் பெயர் பாதி மெய்யாகவே இருந்தது. 2001-இல் சிப்லா நிறுவனம் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தர முன்வந்த பிறகே அரசுகள் கணக்குப் போடத் துணிந்தன. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியபோது தாம்பரம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 1928-இல் காசநோயாளிகளுக்கென மருத்துவர் சவுரிமுத்து தொடங்கிய அந்தச் சானடோரியம், பிற மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பியனுப்பிய எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொண்ணூறுகளிலிருந்தே ஏற்றுவந்தது.

விளைவுகளை அளந்த ஆய்வு 2006-இல் லான்செட் இதழில் வந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களில் பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடையே எச்.ஐ.வி. விகிதம் 2000-இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004-இல் 1.1 விழுக்காடாகக் குறைந்திருந்தது. நோயாளிகள் இறப்பதாலும் விகிதம் குறையலாம் என்னும் ஐயத்தைத் தவிர்க்கவே, அண்மையில் தொற்றியிருக்கக்கூடிய இளவயதினரை ஆய்வாளர்கள் தேர்ந்தனர். ஆணுறைப் பயன்பாடு கூடியதும், பாலியல் தொழிலாளர்களிடம் செல்லும் ஆண்கள் குறைந்ததும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. எந்தத் திட்டம் எவ்வளவு பங்காற்றியது என்பதைப் பிரித்துக் காட்ட அந்தத் தரவால் இயலாது.

மறு ஆண்டில் மற்றொரு கணக்கு வந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாக எடுத்த இரத்த மாதிரிகளைச் சேர்த்துக் கணித்தபோது, ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று சொல்லப்பட்டுவந்த இந்திய எச்.ஐ.வி. நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை மட்டும் கொண்டு நாட்டை அளந்ததால் பழைய மதிப்பீடு பெருத்திருந்தது என்பதே இதற்குக் காரணம். நோய் ஓராண்டில் பாதியாகக் குறைந்துவிடவில்லை. எண் சிறுத்தால் நிதியும் சிறுக்கும் என்று களப்பணியாளர்கள் அஞ்சினர். 2007-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத் திட்டம் அந்த அச்சத்துக்கு மாறாக முந்தையதைவிடப் பெரிதாகவே அமைந்து, நிதியின் பெரும்பகுதியைத் தடுப்புக்கு ஒதுக்கியது. பழைய பால்வினை நோய்ப் பிரிவுகள் தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்னும் பெயரைத் தாங்கியதும், தனியார் மருத்துவர்களை நிறப் பொதிகளின் திட்டத்துக்குள் கொண்டுவர நடந்த முயற்சியும், கர்ப்பிணிகளின் சிபிலிஸ் சோதனை நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்ததும் அடுத்த பகுதிக்கு உரியவை.